பவானிக் கரையில் ஒரு பழைய கணக்கு: ஜி. சுப்பிரமணிய ஐயரின் பொருளாதார இதழியல்

மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்த ஆண்டு 1873. போத்தனூரிலிருந்து கோவை வழியாகச் சென்னை ரயில்வே கம்பெனி போட்ட கிளைப்பாதை நீலகிரி அடிவாரத்தில் வந்து நின்றது. அங்கிருந்து குன்னூருக்கு மலைப்பாதை 1899இல் திறந்தது. அது உதகமண்டலத்தை எட்டியது 1908இல். மேட்டுப்பாளையத்தைத் தொட்டு ஓடும் பவானியின் நீரைச் சற்றுக் கீழே தேக்கி, கோபி, ஈரோடு, பெருந்துறை, காங்கேயம் பக்கத்து மேட்டு நிலங்களுக்குக் கொண்டுபோகும் கீழ்பவானித் திட்டமோ 1948இல்தான் தொடங்கியது, முடிந்தது 1955இல். இரும்புப் பாதைக்கும் நீர்ப்பாதைக்கும் நடுவே 82 ஆண்டுகள். மலைமேல் ஏறுகிறவர்களுக்கு வண்டி வந்து, அடிவாரத்தில் உழுகிறவர்களுக்குத் தண்ணீர் வர ஏன் இத்தனை காலம் ஆனது? இயற்கையிலோ பொறியியலிலோ மட்டும் தேடினால் இதற்கு விடை கிடைக்காது. அரசாங்கத்தின் வரவு செலவில் எது முதலில், எது பிறகு என்று முடிவு செய்தவர்கள் யார் என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியைத் தமிழ் நாட்டில் நாள்தோறும் அச்சில் கேட்டுப் பழக்கியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஜி. சுப்பிரமணிய ஐயர் (1855–1916). ‘ஹிந்து’வைத் தொடங்கியவர்களில் ஒருவர், ‘சுதேசமித்திர’னை நிறுவியவர், பாரதியைப் பத்திரிகை உலகுக்கு அழைத்து வந்தவர் என்றே அவரை நினைவுகூர்கிறோம். இவை உண்மை. ஆனால் அவருடைய தனிச் சாதனை வேறு இடத்தில் இருக்கிறது. வரி, கடன், ரயில், உப்பு, துணி ஆகியவற்றை நிபுணர்களின் அறிக்கையிலிருந்து இறக்கி, வரி கட்டுகிறவனின் மொழியில் அரசியலாக்கியவர் அவர். அந்த முறை எங்கே வென்றது, எங்கே தடுக்கியது என்பதைக் கொங்கு நாட்டின் சான்றுகளை வைத்தே சோதித்துப் பார்க்க முடியும்.

அவர் பிறந்தது தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றில். தந்தை வக்கீல். சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளி ஆசிரியரானார். 1878 செப்டம்பர் 20 அன்று அவரும் நண்பர் மு. வீரராகவாச்சாரியாரும் சட்டம் படித்துக்கொண்டிருந்த நான்கு இளைஞர்களும் சேர்ந்து ‘ஹிந்து’ வார இதழைக் கொண்டுவந்தார்கள். கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாய் முதல், 80 பிரதிகள். டி. முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டதை வெள்ளையர் பத்திரிகைகள் எதிர்த்தபோது அதற்குப் பதில் சொல்ல இடமில்லாத நிலைதான் இதழ் பிறக்க உடனடிக் காரணம். இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டது. ஆனால் அந்த ஆண்டின் இன்னொரு உண்மையையும் பக்கத்தில் வைக்க வேண்டும். தாது வருஷத்துப் பஞ்சம் என்று தமிழ் நாடு இன்றும் சொல்லும் 1876–78 பெரும் பஞ்சம் அப்போதுதான் அடங்கிக்கொண்டிருந்தது. சென்னை மாகாணத்தில் மட்டும் பல லட்சம் பேரைக் கொன்ற பஞ்சம் அது. ஒரு நீதிபதியின் நியமனத்துக்காகத் தொடங்கிய இதழ், சில ஆண்டுகளிலேயே நிலவரி, பஞ்சம், குடியானவர் கடன் என்று பேசத் தொடங்கியதற்கு அந்தப் பின்னணி இல்லாமல் விளக்கம் கிடையாது.

பஞ்சம் இதழியலுக்கு ஒரு பாடம் கற்பித்தது. ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி அந்தப் பஞ்ச நிவாரணத்தின் வரலாற்றை 1878இல் இரண்டு தொகுதிகளாக எழுதினார். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று வைஸ்ராயின் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் கணக்கிட்டார். அது உயிரைப் பிடித்து வைக்கவும் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். சாவின் எண்ணிக்கையைச் சொல்வதோடு இதழின் வேலை முடியவில்லை, சோற்றின் அளவைத் தீர்மானித்த கணக்கையும் கேள்வி கேட்க முடியும் என்பதை அந்த விவாதம் காட்டியது. கோயமுத்தூர் மாவட்டமும் சேலமும் இந்தப் பஞ்சத்தில் கடுமையாக அடிபட்டவை. 1871இல் 17 லட்சத்துக்கு மேல் இருந்த கோயமுத்தூர் மாவட்ட மக்கள்தொகை, பத்து ஆண்டுகளில் ஏறுவதற்குப் பதில் சுமார் ஒரு லட்சம் குறைந்தது. இதில் ஒரு முரண் உண்டு. மேட்டுப்பாளையம் வரை ரயில் ஓடத் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வந்த பஞ்சம் அது. தானியத்தை ஏற்றிவர வண்டி இருந்தது. வாங்கக் கையில் காசுதான் இல்லை. பஞ்சம் என்பது மழை பொய்த்ததன் பெயர் மட்டும்தானா, வாங்கும் சக்தி அழிந்ததன் பெயரா என்ற கேள்வி இந்திய தேசியவாதிகளின் பொருளாதாரச் சிந்தனையில் மையமாக நின்றது. சுப்பிரமணிய ஐயரின் எழுத்து முழுவதும் இரண்டாவது விடையின் பக்கமே சாய்ந்தது.

அவர் இரண்டு மொழிகளில் இரண்டு வகை வேலை செய்தார். ஆங்கில ‘ஹிந்து’ ஆட்சியாளரிடம் வாதாடும் வக்கீல். அது 1883இல் வாரம் மும்முறை இதழானது, 1889இல் நாளிதழானது. 1882இல் தாமே தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ வரி கொடுப்பவனோடு பேசும் தமிழ் வார இதழ். 1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவர்தான். இந்திய நிர்வாகத்தை ஒரு ராயல் கமிஷன் விசாரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1897இல், இந்தியச் செலவினங்களை ஆராய அமைக்கப்பட்ட வெல்பி கமிஷன் முன் சாட்சி சொல்ல லண்டன் போனார். வாச்சா, கோகலே, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோரும் அங்கே சாட்சியளித்தார்கள். கமிஷன் உறுப்பினர்களில் ஒருவர் தாதாபாய் நௌரோஜி. மனுப் போட்டு விசாரணை கேட்கும் அரசியலின் உச்சம் அது. 1900இல் வந்த அறிக்கையில் நௌரோஜி உள்ளிட்ட மூவர் தனிக் குறிப்பு எழுத வேண்டிய நிலைதான் மிஞ்சியது. அதற்குள் 1898இல் சுப்பிரமணிய ஐயர் ‘ஹிந்து’வை விட்டு விலகியிருந்தார், அடுத்த ஆண்டே ‘சுதேசமித்திர’னை நாளிதழாக்கினார். விலகலுக்குக் கூட்டாளியோடு எழுந்த மனவேறுபாடு உட்படப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. காரணம் எதுவானாலும் விளைவு தெளிவானது: லண்டனிலிருந்து திரும்பிய இரண்டே ஆண்டுகளில் அவருடைய முழு உழைப்பும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறிவிட்டது. மனுவைப் படிப்பவர் மனம் மாறாவிட்டால், மனுவுக்குக் காரணமானவர்களிடமே பேச வேண்டும் என்ற அரசியல் இந்த மாற்றத்தில் இருக்கிறது என்று வாசிப்பதே பொருத்தம்.

உலகின் பிற இடங்களில் இதே காலத்துப் பொருளாதார இதழியலோடு வைத்துப் பார்த்தால் இதன் தன்மை தெளிவாகும். லண்டன் ‘எகனாமிஸ்ட்’ இதழை 1843இல் தொடங்கிய ஜேம்ஸ் வில்சன், பின்னாளில் இந்தியாவின் முதல் நிதி உறுப்பினராகக் கல்கத்தா வந்தார். 1857 எழுச்சியை அடக்கிய செலவால் காலியான கஜானாவை நிரப்ப 1860இல் இந்தியாவில் முதன்முதலாக வருமான வரி கொண்டுவந்தவர் அவரே. அதே ஆண்டில் இங்கேயே இறந்தார். வணிகர்களுக்கும் முதலீட்டாளர்களுக்கும் எழுதிய ஒரு பத்திரிகையாளர் இந்தியாவின் வரவு செலவை எழுதும் இடத்துக்கு வந்தார். வரி கொடுப்பவர்களுக்காக எழுதிய பத்திரிகையாளருக்கோ அந்த அறைக்கு வெளியே நின்று கணக்குக் கேட்க மட்டுமே வழி இருந்தது. இன்னொரு ஒப்புமை ஹாலந்திலிருந்து. வழக்கறிஞர் வான் டெவென்டர் 1899இல் ‘டி கிட்ஸ்’ என்ற டச்சு இதழில், ஜாவாவிலிருந்து எடுத்த உபரிப் பணம் ஹாலந்து திருப்பிக் கொடுக்க வேண்டிய மானக் கடன் என்று எழுதினார். இரண்டே ஆண்டுகளில் டச்சு அரசு கிழக்கிந்தியத் தீவுகளுக்கான கொள்கையை மாற்றுவதாக அறிவித்தது. பாசனமும் கல்வியும் அதன் முக்கிய அங்கங்கள். அந்தக் கொள்கை நடைமுறையில் எவ்வளவு சாதித்தது என்பது வேறு விவாதம். ஆளும் நாட்டின் இதழில் ஆளும் இனத்தவர் எழுதியபோது கணக்குக் கொள்கையானது. ஆளப்படும் நாட்டின் இதழில் அதே கணக்கை எழுதியபோது அது ராஜத் துரோகத்துக்குப் பக்கத்தில் போனது. தரவின் வலு மட்டும் ஒரு கணக்கைக் கேட்கவைப்பதில்லை.

1903இல் சுதேசமித்திரன் அச்சகம் வெளியிட்ட அவருடைய ஆங்கில நூல், இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதாரக் கூறுகள் சிலவற்றை ஆராய்வது. நௌரோஜியின் பெருநூல் 1901இலும், ரொமேஷ் சந்தர் தத்தின் பொருளாதார வரலாறு 1902, 1904 ஆண்டுகளிலும் வந்தன. அந்த வரிசையில் வைத்துப் பேச வேண்டிய நூல் இது. நௌரோஜி கணக்கில் தேர்ந்த வணிகர், தத் ஐ.சி.எஸ். அதிகாரியாக ஆவணங்களில் ஊறியவர். சுப்பிரமணிய ஐயருக்கு இருந்த பயிற்சி நாளிதழின் பயிற்சி. ஒவ்வொரு ஆண்டும் அரசு வெளியிடும் வரவு செலவுத் திட்டத்தைப் படித்து, அதில் ஒரு வரி யாருடைய அடுப்பில் போய் முடிகிறது என்று பின்தொடர்வது. உப்பு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1888இல் மணங்குக்கு இரண்டு ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக உயர்ந்த அந்த வரி, 1903இல்தான் மறுபடி இரண்டு ரூபாய்க்கு இறங்கியது. 1907இல் ஒரு ரூபாயானது. நிலவரி நிலம் உள்ளவனைத் தொடும்; வருமான வரி சம்பளக்காரனைத் தொடும்; உப்பு வரி கூழுக்கு உப்புப் போடும் எல்லோரையும் தொடும். துணி இன்னொரு கணக்கு. இறக்குமதித் துணிக்கு வரி போட்டால் லங்காஷயருக்குக் குறை வரும் என்பதற்காக, 1896இல் இறக்குமதித் துணிக்கு மூன்றரை சதவீதமும், அதற்கு ஈடாக இந்திய ஆலைத் துணிக்கும் அதே மூன்றரை சதவீதமும் விதித்தார்கள். அந்த உள்நாட்டு வரி ஒழிய 1920களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோவையின் தொடக்கக்கால ஆலைகள் பெரும்பாலும் நூற்பாலைகள். நூலுக்கு அந்த வரி இல்லாததால் அவற்றை அது நேராகத் தாக்கவில்லை. ஆனால் நூற்பதோடு நில், நெய்வதற்குப் போகாதே என்ற சைகை அந்த வரியில் இருந்தது.

ரயிலும் நீரும்தான் இந்த முறையின் முக்கியமான சோதனைக் களம். ரயில்வே கம்பெனிகள் லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டின. பங்குதாரர்களுக்கு ஐந்து சதவீத லாபம் கிடைக்கும் என்று அரசு உத்தரவாதம் கொடுத்தது. ரயில் அவ்வளவு சம்பாதிக்காவிட்டால், குறைவதை இந்திய வரிப்பணம் ஈடுகட்டும். சென்னை ரயில்வே கம்பெனி இந்த உத்தரவாத முறையில் நடந்தது. இதில் சிக்கனத்துக்கு இடமே இல்லை. செலவு கூடினாலும் லாபம் உறுதி. உத்தரவாதம் இருக்கும்வரை பணம் ஹூக்ளி ஆற்றில் கொட்டப்படுகிறதா, செங்கல்லாக மாறுகிறதா என்று ஆங்கில முதலீட்டாளருக்குக் கவலையில்லை என்று முன்னாள் நிதி உறுப்பினர் மாஸியே 1872இல் பாராளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். எதிர்ப்பக்கத்தில், ரயிலுக்குப் பதில் பாசனமும் நீர்வழிப் போக்குவரத்தும் வேண்டும் என்று வாதாடியவர் காவிரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிய ஆர்தர் காட்டன். வரலாற்றாசிரியர் பிபன் சந்திரா தரும் கணக்கின்படி, 1905 வரை ரயிலுக்குச் செலவான தொகை 360 கோடி ரூபாய்க்கு மேல். பாசனத்துக்கு 50 கோடிக்கும் குறைவு. காவிரிக் கரையில் பிறந்த சுப்பிரமணிய ஐயர் உள்ளிட்ட தேசியவாதிகள் இந்த விகிதத்தையே திரும்பத் திரும்பச் சுட்டினார்கள். ரயிலே வேண்டாம் என்பது அவர்களுடைய வாதமல்ல. யாருடைய பணத்தில், யாருடைய தேவைக்கு, எந்த வரிசையில் என்பதே கேள்வி. மேட்டுப்பாளையம் அதற்குக் கச்சிதமான சான்று. 1870 முதல் கோடைக்காலத் தலைநகரான உதகைக்குப் போகும் அதிகாரிகளும், காபி, தேயிலை, சிங்கோனாத் தோட்டக்காரர்களும்தான் இந்தப் பாதையின் முதல் தேவைக்காரர்கள். அடிவாரத்து மானாவாரி நிலத்தில் கம்பும் சோளமும் விதைத்தவன் அந்த வரிசையில் பின்னால் நின்றான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும். ரயில் வராமல் இருந்திருந்தால் இன்றைய கோவை உண்டா? ஸ்டேன்ஸ் நிறுவனத்தார் 1888இல் தொடங்கிய நூற்பாலையும், 1910இல் ஜி. குப்புசாமி நாயுடு தொடங்கிய லட்சுமி மில்லும், பஞ்சையும் இயந்திரத்தையும் நூலையும் சுமக்க ரயில் இல்லாமல் எழுந்திருக்க முடியாது. நீலகிரி உருளைக்கிழங்குக்கு மேட்டுப்பாளையம் மண்டி சந்தையானதும் இந்தப் பாதையால்தான். இன்னொரு பக்கம், வெள்ளையர் ஆட்சி பாசனத்தைப் புறக்கணித்தது என்பதும் முழு உண்மையல்ல: பெரியாறு அணை 1895இல் முடிந்தது, மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்து கோவை ஆலைகளை வளர்த்தது. இவை எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொன்றையும் கூர்ந்து பார்த்தால் வாதத்தின் அடித்தளம் அசையவில்லை. மேட்டூர் நீரின் பெரும் பயன் ஏற்கெனவே நீர் கண்டிருந்த, நிலவரி நிறையத் தந்த காவிரி டெல்டாவுக்குப் போனது. அணை நிற்கும் சேலம் மாவட்டத்து மேட்டு நிலத்துக்கு அல்ல. வருமானம் உறுதியாகத் திரும்பும் இடத்தில் பாசனம், திரும்பாத இடத்தில் காத்திருப்பு என்பதே விதி. ரயிலுக்கோ அந்த விதி கிடையாது. திரும்பாவிட்டாலும் உத்தரவாதம் உண்டு. கீழ்பவானிக் கால்வாய் இன்று 200 கிலோமீட்டர் ஓடி 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்கு நீர் தருகிறது. இவ்வளவு நிலம் காத்துக் கிடந்த இடத்தில் நீர் வராததற்கு, நிலம் தகுதியற்றது என்ற காரணத்தைச் சொல்ல முடியாது. ரயிலின் பின்விளைவுகள் நல்லவையாக இருந்தன என்பது, ரயிலைப் போட்டவர்களின் கணக்கு நியாயமாக இருந்தது என்பதற்குச் சான்றாகாது.

இரண்டாவது மறுப்பு பொருளாதார வல்லுநர்களிடமிருந்து வருகிறது. இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் இங்கிலாந்துக்கு வடிகிறது என்ற வாதத்தில் நௌரோஜியோடு சேர்ந்தே நின்றார் சுப்பிரமணிய ஐயர். லண்டனில் செலவாகும் இந்தியச் செலவினங்கள், அதாவது கடன் வட்டி, ரயில் உத்தரவாதம், ஓய்வூதியம், இந்தியா அலுவலகச் செலவு எல்லாம் சேர்ந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒரு கோடியே 70 லட்சம் பவுன் அளவில் இருந்தன. இதில் எவ்வளவு சுரண்டல், எவ்வளவு பெற்ற சேவைக்கான நியாயமான விலை என்பது இன்றும் முடியாத சண்டை. லண்டனில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைத்ததே லாபம் என்று ஒரு சாரார். உத்சா பட்நாயக் இந்த வடிகாலை 45 டிரில்லியன் டாலர் என்று மதிப்பிட்டதும், தீர்த்தங்கர் ராய் போன்றவர்கள் வடிகால் வாதத்தையே மறுப்பதும் அண்மைக்கால வரலாறு. தலா வருமானக் கணக்கிலும் அப்படித்தான்: நௌரோஜி 20 ரூபாய் என்றார், 1882இல் அரசு 27 என்றது, 1901இல் வைஸ்ராய் கர்சன் 30 என்றார், டிக்பி அதைவிட வெகுவாகக் குறைத்தார். அக்காலத் தரவுகளின் வறுமையில் எவர் சொன்ன எண்ணும் துல்லியமல்ல. ஆனால் இந்த மறுப்பு ஒரு தவறான இடத்தில் அடிக்கிறது. சுப்பிரமணிய ஐயரின் வாதத்தில் பலவீனமான பகுதி எண்ணின் அளவு; வலுவான பகுதி, எண்ணைக் கேட்கும் உரிமை. செலவைத் தீர்மானிக்கும் இடத்தில் வரி கொடுப்பவருக்கு வாக்கு இல்லை என்ற உண்மைக்கு எந்தப் புள்ளிவிவரத் திருத்தமும் பதிலாகாது. அரசு தலா வருமானத்தை மதிப்பிட்டுச் சொல்லும் கட்டாயத்துக்கு வந்ததே இந்த விவாதத்தின் விளைவுதான்.

தமிழுக்கு அவர் செய்தது இந்தக் கேள்வி கேட்கும் உரிமையைப் பரப்பியது. ‘சுதேசமித்திரன்’ நாளிதழானபோது தமிழில் அரசியல் பொருளாதாரம் எழுதத் தயாரான நடை எதுவும் கையில் இல்லை. புராணக் கதை சொல்லும் உரைநடை உண்டு. பாடநூல் உரைநடை உண்டு. மிஷனரிகளின் துண்டுப் பிரசுர நடை உண்டு. நாணயமாற்று விகிதத்தையும் தீர்வையையும் அன்றாடச் செய்தியாகச் சொல்லும் நடை நாள்தோறும் எழுதியே உருவாக வேண்டியிருந்தது. 1904 நவம்பரில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த சுப்பிரமணிய பாரதிக்கு அங்கே கிடைத்த வேலை பெரும்பாலும் மொழிபெயர்ப்பு: தந்திச் செய்திகளையும் தலைவர்களின் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவது. அந்தப் பட்டறையில்தான் அவர் உரைநடை கூர்மை பெற்றது. நாளிதழ் படித்தவர் எத்தனை பேர் என்று கேட்டு இதைக் குறைத்துச் சொல்வது எளிது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே மிகச் சிலர்தான். ஆனால் இதழின் எல்லையை அதன் சந்தாப் பட்டியலை வைத்து மட்டும் அளக்க முடியாது. 1905க்குப் பிறகு சுதேசி இயக்கம் மேடைக்கு வந்தபோது, அந்நியத் துணி ஏன் மலிவு, உள்ளூர் நெசவு ஏன் நலிந்தது என்று பேச்சாளர்கள் விளக்கிய சொற்கள் முன்பே அச்சில் புழங்கியவை. மேடை அவற்றுக்கு வேகம் கொடுத்தது. பொருளை முன்பே கொடுத்தது இதழ்.

அந்த வேகம்தான் அவரைச் சிறைக்கும் கொண்டுபோனது. 1908 ஜூலையில் வ.உ.சி.க்குக் கடும் தண்டனை. ஆகஸ்டில், பாரதி எழுதிவந்த ‘இந்தியா’ இதழின் சட்டபூர்வ ஆசிரியர் கைது. அதே ஆகஸ்டில் ‘சுதேசமித்திர’னில் வந்த கட்டுரைகளுக்காக சுப்பிரமணிய ஐயரும் ராஜத் துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். உடல் நோயால் சிதைந்துகொண்டிருந்த நிலையில், நன்னடத்தை உறுதி கொடுத்து வெளியே வந்தார். இதைக் கோழைத்தனம் என்று வாசிப்பவர்கள் உண்டு. வ.உ.சி. செக்கிழுத்த அதே காலத்தில் என்பதால் அந்த ஒப்பீடு கூர்மையாகவே குத்தும். ஆனால் ஒரு மனிதரின் துணிவை அளக்கும் கோல் வேறு. ஒரு வாதத்தின் உண்மையை அளக்கும் கோல் வேறு. சமூகப் பகையைத் தாங்கும் துணிவு அவரிடம் குறைவில்லை: பால்ய விதவையான தம் மகளுக்கு 1889இல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்து, அதற்காகச் சாதியாரின் புறக்கணிப்பை ஏற்றவர். 1908 நமக்குச் சொல்வது வேறொன்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலத்தில் கணக்குக் கேட்டதைப் பொறுத்துக்கொண்ட அரசு, தமிழில் கேட்டபோது பொறுக்கவில்லை. யாரிடம் பேசுகிறோம் என்பதே குற்றத்தின் அளவைத் தீர்மானித்தது.

கடைசி மறுப்புத்தான் கடினமானது. அது அரசுத் தரப்பிலிருந்தோ வல்லுநரிடமிருந்தோ வரவில்லை, உள்ளூரிலிருந்தே வருகிறது. அணை வராத காலத்தில் கொங்கு நாடு சும்மா இருக்கவில்லை. பாறையைக் குடைந்து கிணறு வெட்டி, எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்து வெள்ளாமை செய்தது. கோயமுத்தூர் மாவட்டம் கிணற்றுப் பாசனத்துக்குப் பேர்போன மாவட்டம். அந்தக் கிணற்றில் இறங்கும் தோல்பறியைத் தைத்தவர் மாதாரி. விடியும் முன்பே எருதை ஓட்டியவர் பண்ணையாள். இறைத்த நீர் பாய்ந்த நிலம் அவர்களுடையதல்ல. பல ஊர்களில் அந்தக் கிணற்றில் குடிக்கத் தண்ணீர் மொள்ளும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. லண்டனுக்கு வடியும் செல்வத்தை ரூபாய் அணா பைசாவாக எண்ணிய கணக்கு, ஊருக்குள்ளே சேரியிலிருந்து பண்ணைக்கு வடியும் உழைப்பை எண்ணவில்லை. சுப்பிரமணிய ஐயர் சமூகச் சீர்திருத்தம் பேசாதவர் அல்லர். ஆனால் அவர் எழுத்தில் சீர்திருத்தம் ஒரு பக்கமும் பொருளாதாரம் இன்னொரு பக்கமுமாகவே நின்றன. சாதியே ஒரு பொருளாதார ஏற்பாடு என்ற இடத்துக்கு அந்த இதழியல் வரவில்லை. பின்னர், அரசு வேலைகளில் யார் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை நீதிக் கட்சி கையில் எடுத்தது. 1925 மே 2 அன்று ஈரோட்டிலிருந்து பெரியார் வெளியிடத் தொடங்கிய ‘குடிஅரசு’ அந்தக் கேள்வியைக் கோயில், பள்ளி, உத்தியோகம் என்று விரித்தது. ‘சுதேசமித்திர’னையும் ‘குடிஅரசை’யும் எதிரெதிராக நிறுத்துவதே நம் வழக்கம். முறையைப் பார்த்தால் உறவு தெரியும்: பொதுப் பணம் யாருக்குப் போகிறது என்று எண்ணிக்கையோடு கேள் என்பதுதான் இரண்டிலும் ஓடும் நரம்பு. ஐயர் வெள்ளை அரசை நோக்கித் திருப்பிய கேள்வியை ‘குடிஅரசு’ உள்ளூர் ஆதிக்கத்தை நோக்கித் திருப்பியது. ஐயர் நிறுத்திய இடத்தைத் தாண்டி அவருடைய முறை நடந்தது.

ஆகவே அவரை மதிப்பிட இரண்டு வரி தேவை. காலனி அரசின் வரவு செலவைத் தமிழனின் அன்றாடக் கேள்வியாக்கியதில் அவருக்கு முன்னோடி இல்லை. நாட்டை ஒரே குடும்பமாக எண்ணிக் கணக்குப் பார்த்ததில் அந்தக் குடும்பத்துக்குள் இருந்த பந்தி வேற்றுமை அவர் பேரேட்டில் ஏறவில்லை. முதல் வரியை மட்டும் சொன்னால் சிலை வைப்பதாகும். இரண்டாவதை மட்டும் சொன்னால் உடைப்பதாகும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு முறை நமக்குப் பயன்படும் நிலையில் கிடைக்கும். பயன்படும் இடம் தொலைவில் இல்லை. பவானியின் உபரி நீரைக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே எடுத்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 ஏரி குளம் குட்டைகளுக்கு ஏற்றும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு, 1,900 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. இந்தத் தாமதத்தின் பெரும்பகுதிக்கு வெள்ளையரைக் காட்ட முடியாது. இந்தப் பகுதி வரி கொடுக்கிறது, வாக்கும் போடுகிறது. அப்படியும் வரிசையில் பின்னால் நின்றது. திட்டம் திறந்த அன்று எந்தக் கட்சிக்குப் பெருமை என்று எழுதிய பக்கங்கள் ஏராளம். எந்தக் குட்டைக்கு எத்தனை நாள் நீர் வந்தது, பம்பு ஓட்டும் மின்செலவை யார் ஏற்கிறார்கள், குட்டை நிறைந்தபின் யாருடைய கிணறு ஊறியது, கிணறே இல்லாதவருக்கு என்ன கிடைத்தது என்று ஆண்டுதோறும் எழுதும் பக்கங்கள் இனிமேல்தான் வர வேண்டும். அவற்றை எழுதப் புகுகிறவர் 1903இன் நூலையும் 1925இன் வார இதழையும் மேசையில் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.